கடைக்கொரு மொழி வேண்டாம்!

மாணவர்களே, வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஒரு பிஸ்கட் பொட்டலத்தையோ சார்டின் டின்னையோ எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கறுப்புக் கோடுகளும் அவற்றின் கீழே 13 இலக்கங்களும் இருக்கும். எண் 955 என்று தொடங்கினால், அதை வழங்கியது மலேசியாவில் உள்ள பார்கோடு அமைப்பு. 888 என்று தொடங்கினால், சிங்கப்பூரில் உள்ள அமைப்பு. (பொருள் எங்கே தயாரானது என்பதை அந்த எண் சொல்லாது. பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.)

அந்தப் பொட்டலத்தைப் பேரங்காடியின் கல்லாவில் வைத்தாலும் சரி, பெட்ரோல் நிலையக் கடையில் வைத்தாலும் சரி, தாமான் மூலையில் இருக்கும் மளிகைக் கடையில் வைத்தாலும் சரி, 'பீப்' என்ற ஒலியோடு பொருள் அடையாளம் காணப்படுகிறது. அந்தக் கடைகள் ஒன்றுக்கொன்று போட்டி. அவற்றில் உள்ள கருவிகளைச் செய்த நிறுவனங்களும் வேறு வேறு. ஆனாலும் எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணைத்தான் படிக்கின்றன. ஏன்?

ஏனென்றால், போட்டியாளர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசி ஒரு பொது விதிக்கு ஒப்புக்கொண்டார்கள். 1973இல் அமெரிக்க மளிகைத் துறையினர் ஒரே வகைக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தனர். 1974 ஜூன் 26ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில் உள்ள ஒரு பேரங்காடியில், ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக அந்தக் குறியீட்டைக் கொண்டு விற்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் அந்த முறையின் வாரிசுதான் ஓடுகிறது.

இப்படிப்பட்ட பொது விதியைத்தான் 'தரநிலை' என்கிறோம். வேறு வேறு நிறுவனங்களின் கணினிகள் தடையின்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு 'இணைந்தியங்கும் தன்மை' என்று பெயர். கேட்பதற்குச் சலிப்பான சொற்கள்தான். ஆனால், சிறிய கடைகள் நிலைத்து நிற்குமா, பெரியவர்களிடம் அடிமைப்படுமா என்பதை இந்தச் சலிப்பான விஷயம்தான் பெருமளவு முடிவு செய்கிறது என்பது என் கருத்து. வணிகத்தின் மொழி எவருடைய தனிச் சொத்தாகவும் இருக்கக் கூடாது. அது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

கிள்ளானில் உள்ள ஒரு மளிகைக் கடை, ஒரு மொத்த வியாபாரியிடம் 50 மூட்டை அரிசி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தம் கணினியில் ஆர்டரைத் தட்டச்சு செய்து அச்செடுத்து அனுப்புகிறார். மொத்த வியாபாரியின் குமாஸ்தா அதைப் பார்த்துத் தம் கணினியில் மீண்டும் தட்டச்சு செய்கிறார். பிறகு இன்வாய்ஸ் வருகிறது. அதைப் பார்த்துக் கடைக்காரர் இன்னொரு முறை தட்டச்சு செய்கிறார். ஒரே செய்தி மூன்று முறை விரல்கள் வழியாகப் போகிறது. 50 என்பது 500 ஆவதற்கு ஒரு சுழியம் போதும்.

இரண்டு கணினிகளையும் நேரடியாக இணைத்துவிட்டால் என்ன? இருவருக்கு அது எளிது. ஆனால் 10 நிறுவனங்கள் இருந்து, ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டால் எத்தனை இணைப்புகள் தேவை? கணிதப் பாடத்தில் படித்ததுதான்: 10 × 9 ÷ 2 = 45. நிறுவனங்கள் 100 ஆனால் 4,950. ஆனால் எல்லாரும் ஒரே பொது மொழிக்கு ஒப்புக்கொண்டால், 100 நிறுவனங்களுக்கு 100 இணைப்புகள் போதும். ஒவ்வொருவரும் தம் கணினிக்கு அந்தப் பொது மொழியை ஒருமுறை கற்றுக்கொடுத்தால் வேலை முடிந்தது.

4,950க்கும் 100க்கும் உள்ள இடைவெளியில்தான் தரநிலையின் முழு மதிப்பும் அடங்கியிருக்கிறது.

பெர்லின் வானத்தில் பிறந்த யோசனை

இந்த யோசனை இணையத்துக்கும் முந்தியது. 1948இல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் மூடிவிட்டன. நகர மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில்தான் போக வேண்டியிருந்தது. ஓராண்டுக்கும் மேலாக நடந்த அந்த முயற்சியில் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான பொருள்கள் கொண்டு செல்லப்பட்டன. ஆனால் சரக்குப் பட்டியல்கள் பல வடிவங்களில், பல மொழிகளில் வந்து சேர்ந்தன. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ வீரரும் அவருடைய சகாக்களும் எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டியல் முறையை வகுத்தார்கள். டெலக்ஸ், வானொலி, தொலைபேசி என்று எதன் வழியாகவும் அதை அனுப்பலாம்.

பிற்காலத்தில் இதுவே கணினிகளுக்கிடையே வணிக ஆவணங்களை அனுப்பும் 'இடிஐ' முறையாக வளர்ந்தது. 1980களில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவில் 'எடிஃபாக்ட்' என்ற அனைத்துலகத் தரநிலையும் உருவானது. சிங்கப்பூர் 1989இல் தொடங்கிய 'டிரேட்நெட்', ஏற்றுமதி இறக்குமதி அனுமதிப் பத்திரங்களைக் கணினி வழியே பெற வழி செய்தது.

ஆனால் இடிஐ முறையில் ஒரு குறை இருந்தது. செலவு அதிகம். தனி மென்பொருள், தனிக் கட்டமைப்பு, அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கும். கார் தொழிற்சாலைக்கும் பெரிய அங்காடிக் குழுமங்களுக்கும் அது கட்டுப்படியாகும். அவர்களுக்குத் திருகாணி விற்கும் சிறு பட்டறைக்கு? "எங்கள் முறைக்கு மாறு, இல்லையேல் ஆர்டர் இல்லை" என்று பெரியவர் சொன்னால், சிறியவர் மாறித்தான் ஆக வேண்டும். மூன்று பெரிய வாடிக்கையாளர்கள் இருந்தால் மூன்று முறைகளைக் கற்க வேண்டும். பொது மொழி என்ற பெயர் இருந்தும், நடைமுறையில் அது பணக்காரர்களின் மொழியாகவே இருந்தது.

எழுத்து ஒன்று, சொல் வேறு

1998இல் 'எக்ஸ்எம்எல்' வெளிவந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்பும் முறை அது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இனிக் கவலையில்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. ஒரு நிறுவனம் 'மொத்தம்' என்று சீட்டு ஒட்டியது. இன்னொன்று 'கூட்டுத்தொகை' என்றது. மூன்றாவது 'செலுத்த வேண்டியது' என்றது. நமக்கு மூன்றும் ஒன்றுதான். கணினிக்கு மூன்றும் வேறு. எல்லாரும் ஒரே எழுத்தில் எழுதினார்கள், ஆனால் வேறு வேறு சொற்களில்!

ஆகவே சொற்களையும் பொதுவாக்கும் வேலை தொடங்கியது. 1999இல் ஐ.நா.வின் வணிக எளிமையாக்க அமைப்பும் 'ஓயாசிஸ்' என்ற தரநிலை அமைப்பும் சேர்ந்து 'இபி-எக்ஸ்எம்எல்' பணியைத் தொடங்கின. 2001இல் அதன் முதல் விதிமுறைகள் வந்தன. அடுத்து 2004இல் 'யூபிஎல்' எனப்படும் பொது வணிக மொழியை ஓயாசிஸ் வெளியிட்டது. அதன் 2.1 பதிப்பில் ஆர்டர், இன்வாய்ஸ், ரசீது, சரக்குச் சீட்டு என 65 வகை ஆவணங்களுக்கு வடிவம் உண்டு. 2015இல் அது ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. அந்த விதிமுறைகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்து படிக்கலாம். படிவம் 4 மாணவர் ஒருவர்கூடப் படிக்கலாம்.

'வெள்ளி' என்றால் என்ன?

சொல் ஒன்றானால் போதுமா? போதாது. பொருளும் ஒன்றாக வேண்டும்.

"பத்து வெள்ளி" என்று ஜொகூர் பாருவில் ஒரு கடைக்காரர் சொன்னால் அது பத்து ரிங்கிட். பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் அதே சொல் பத்து டாலர். அதே தமிழ், அதே சொல், ஆனால் மதிப்பு வேறு. போதாக்குறைக்கு வெள்ளி என்பது ஒரு உலோகம், ஒரு கிழமை, ஒரு கோளும்கூட! நாம் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே நாணயங்களுக்கு ஐஎஸ்ஓ 4217 என்ற தரநிலை மூன்றெழுத்துக் குறியீடு தருகிறது: ரிங்கிட்டுக்கு 'எம்ஒய்ஆர்', சிங்கப்பூர் டாலருக்கு 'எஸ்ஜிடி'. இனிக் குழப்பமில்லை.

தேதியும் அப்படித்தான். 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 முறையில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதினால் எவருக்கும் சந்தேகம் வராது. கிலோகிராம், லிட்டர் போன்ற அளவுகளுக்கும் ஐ.நா. வகுத்த குறியீடுகள் இருக்கின்றன.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளியில் ஒரு பாடம் உண்டு. 1999 செப்டம்பர் 23ஆம் தேதி நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் செவ்வாய்க்கு மிக அருகே போய்த் தொலைந்துபோனது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசைத் தகவலைப் பவுண்டு அலகில் தந்தது. அதைப் பெற்ற மென்பொருள் அவை நியூட்டன் அலகில் உள்ளன என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. நியூட்டன் அலகைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி எழுத்தில் இருந்தது என்பதுதான் இதில் வேதனை. விதி இருந்தது, அது பின்பற்றப்பட்டதா என்று சரிபார்க்கப்படவில்லை.

எனவே நல்ல தரநிலைக்கு நான்கு தூண்கள் வேண்டும்: பொது எழுத்து, பொதுச் சொல், பொதுப் பொருள், சரிபார்ப்பு. ஒன்று சரிந்தாலும் கட்டடம் நிற்காது.

நம் நாட்டில் இப்போது நடப்பது

இந்த நான்கும் சேர்ந்து இயங்குவதை நீங்கள் மலேசியாவிலேயே பார்க்கலாம். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு மின் இன்வாய்ஸ் கட்டாயமானது. பிறகு அது படிப்படியாக அடுத்த நிலை வணிகங்களுக்கும் விரிவானது. விற்பனை குறைவாக உள்ள சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு.

மின் இன்வாய்ஸ் என்பது இன்வாய்ஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அல்ல. அந்தப் படத்தை மனிதர் படிக்கலாம், கணக்கு மென்பொருள் தானாகப் புரிந்துகொள்ளாது. மின் இன்வாய்ஸ் என்பது யூபிஎல் 2.1 வடிவத்தை ஒட்டிய ஒரு தரவுக் கோப்பு. விற்பவர் அதை உள்நாட்டு வருமான வாரியத்தின் 'மைஇன்வாய்ஸ்' அமைப்புக்கு அனுப்புகிறார். அமைப்பு அதைச் சரிபார்த்து ஒரு தனி அடையாள எண் தருகிறது. வாங்குபவருக்குக் கொடுக்கும் பிரதியில் கியூஆர் குறியீடு இருக்கும். தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் அல்லது நிராகரிக்கக் கேட்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பில் நேரத்தை மலேசிய நேரத்தில் எழுதக் கூடாது. உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே 2025 மார்ச் 1ஆம் தேதி காலை 7 மணிக்கு ரொட்டி விற்றால், கோப்பில் அது பிப்ரவரி 28ஆம் தேதி இரவு 11 மணி! இந்த விதி தெரியாமல் மென்பொருள் எழுதுபவர், ஒரு மாதத்து விற்பனையை இன்னொரு மாதத்தில் போட்டுவிடுவார்.

சிங்கப்பூர் வேறு வழியில் தொடங்கியது. ஐரோப்பாவில் 2008இல் தொடங்கிய 'பெப்போல்' கட்டமைப்பில் அது 2018இல் இணைந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே தேசிய அளவில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் நாடு அதுதான். இன்று அங்கே 'இன்வாய்ஸ்நவ்' என்ற பெயரில் அது இயங்குகிறது. மலேசியாவிலும் எம்டெக் எனப்படும் மின்னிலக்கப் பொருளாதாரக் கழகம் பெப்போல் பொறுப்பை ஏற்றுள்ளது. இது கைப்பேசி போலத்தான். நீங்கள் ஒரு நிறுவனத்தின் சிம் அட்டை வைத்திருக்கலாம், உங்கள் நண்பர் இன்னொன்று வைத்திருக்கலாம். அழைப்பு போய்ச் சேருகிறது அல்லவா? அதைப் போல, விற்பவரும் வாங்குபவரும் வேறு வேறு சேவை நிறுவனங்களில் இருந்தாலும் இன்வாய்ஸ் போய்ச் சேரும்.

கடைக்காரரின் கேள்வி நியாயமானது

"இதெல்லாம் எங்களுக்கு இன்னொரு சுமைதானே?" என்று சிறு வணிகர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. காலையில் கடை திறந்து இரவில் மூடும்வரை தனியாக நிற்கும் ஒருவர், ஐம்பதுக்கும் மேற்பட்ட தகவல் கட்டங்கள் கொண்ட ஒரு வடிவத்தை எப்போது கற்றுக்கொள்வார்? மைஇன்வாய்ஸ் வலைத்தளம் இலவசம் என்பது உண்மை. ஆனால் கற்றுக்கொள்ளும் நேரம் இலவசம் அல்ல.

அதனால் தரநிலையே வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பேன். பொது மொழி இல்லாத இடத்தில் வெற்றிடம் இருக்காது. அங்கே பலசாலியின் மொழி வந்து உட்காரும். இன்று பல இணையச் சந்தைகளில் பொருள் விற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று சந்தைகளில் விற்றால், ஒரே பொருளின் விவரத்தை மூன்று விதமாக நிரப்ப வேண்டும். ஓரிடத்தில் பல ஆண்டுகளாகச் சேர்த்த நல்ல மதிப்பீடுகளை இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. கட்டணம் கூடினாலும் விட்டுப் போக மனம் வராது. கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் வெளியே போனால் கையில் ஒன்றும் இருக்காது. திறந்த தரநிலை அந்த நிலைமைக்கு எதிரான பாதுகாப்பு. உங்கள் தரவு பொது வடிவத்தில் இருந்தால், நாளை சேவை பிடிக்கவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம்.

தரநிலை புதுமையைக் கொன்றுவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. பழைய தரநிலையை மாற்றாமல் வைத்திருந்தால் அது உண்மைதான். அதனால்தான் பதிப்பு எண்கள் இருக்கின்றன. மின்சாரச் செருகியின் வடிவம் ஒன்றாக இருப்பதால் மின்விசிறி செய்பவர்களின் கற்பனை வற்றிவிடவில்லை. செருகியைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதால், விசிறியைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. வணிகத் தரநிலைகள் எப்போதும் இலவசமாகப் படிக்கக் கிடைக்க வேண்டும். சிறு கடைகளுக்கான பயிற்சி, அவர்கள் பேசும் மொழியிலும், தமிழிலும்கூட, கிடைக்க வேண்டும். விதியை மாற்றும்போது, பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளை மட்டுமல்ல, மளிகைக் கடைக்காரரையும் கேட்க வேண்டும்.

அந்த அறையில் யார் இருந்தார்கள்?

மூன்றாவது கோரிக்கை ஏன் முக்கியம் என்பதை உங்கள் பெயரே சொல்லும். நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' வரும். வெளிநாட்டு இணையப் படிவங்கள் பல 'குடும்பப் பெயர்' கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. சாய்கோட்டைத் தட்டினால் 'தவறான எழுத்து' என்று சில படிவங்கள் மறுத்துவிடும். இதில் நம் பெயரில் குறை இல்லை. அந்த வடிவத்தை வகுத்த அறையில் நம்மைப் போன்ற பெயர் உள்ளவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நாம் இருந்த அறைகளும் உண்டு. ஒரு காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தன. ஒன்றில் எழுதிய கடிதம் இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடும் அதன்பின் நடந்த மாநாடுகளும் இதைப் பற்றித்தான் நீண்ட நேரம் விவாதித்தன. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறன் போன்றவர்கள் தமிழ்க் கணிமைத் தரப்பாட்டுக்காக உழைத்தார்கள். 1991இன் முதல் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்த யூனிகோடு தரநிலை பின்னர் எங்கும் பரவியது. இன்று நீங்கள் அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தி எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது.

தரநிலைகள் வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஓயாசிஸ் தன் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுகிறது. மலேசியத் தரநிலைகளின் வரைவுகளும் பொதுக் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. அவற்றைப் படித்து ஒரு வரி கருத்து எழுத பட்டம் தேவையில்லை.

இப்போதே தொடங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று: 13 இலக்க பார்கோடு எண் ஒன்றை எடுங்கள். இடப்பக்கத்திலிருந்து 1, 3, 5 என ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டுங்கள். 2, 4, 6 என இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் விடை 10இன் மடங்காக வரும். கடைசி இலக்கம் அதற்காகவே வைக்கப்பட்ட காவலாளி. இரண்டு: உங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடையின் பொருள் பட்டியலை நண்பர்கள் இருவரிடம் தனித்தனியாகக் கணினியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக்க முயலுங்கள். 'பென்சில் 1 பெட்டி' என்பதும் 'பென்சில் 12' என்பதும் மோதும் இடத்தில் நின்று, எது விதி என்று நீங்கள் மூவரும் பேசி முடிவெடுங்கள்.

அந்த முடிவை ஒரு தாளில் எழுதி வைத்தால், அதுவே உங்கள் முதல் தரநிலை. அடுத்த தரநிலை எழுதப்படும் அறையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்கும் தைரியம் அங்கிருந்துதான் வரும்.